இணைக்கப்பட்ட கருவிகள்

ஜூன் 4

அக்கா,

நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். பாப்பாவுக்குச் சளி, வேறொன்றுமில்லை. ஒரு தையல் கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவமனைகளுக்குச் சீருடை தைக்கிறார்கள், எனக்குக் காலர் வேலை. மேலே எழுதியிருப்பது அந்தக் கூடத்தின் முகவரி. பதிலை அங்கேயே அனுப்பு. நாங்கள் தங்கியிருக்கும் அறை எங்கே என்று உனக்குக்கூட இப்போது வேண்டாம்.

இந்தக் காலத்தில் யாரடி கடிதம் எழுதுவாள் என்று நீ சிரிப்பாய். என்ன செய்வது? என் போனைச் சமையலறை அலமாரியில் சார்ஜில் போட்டபடி விட்டுவிட்டு வந்தேன். அது வீட்டில் இருக்கும்வரை நானும் வீட்டில் இருக்கிறேன் என்றுதான் அவர் நினைப்பார். அந்தச் சில மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது. இங்கே வந்து ஒரு புது போன் வாங்கியிருக்கிறேன், ஆனால் நம்பரை உனக்குத் தரமாட்டேன். தந்தால் உடனே என் பெயரைப் போட்டுச் சேமிப்பாய். நம் வீட்டில் எல்லாருடைய போனையும் அவர்தான் வாங்கினார், அவர்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தார். ஒரு போனில் சேமித்தது எங்கெங்கே போகும் என்று நமக்கு என்ன தெரியும்?

பெண்கள் உதவி மையத்தில் ஒரு அம்மா என் வழக்கைப் பார்க்கிறார்கள். பாப்பா யாரோடு இருப்பது என்று கோர்ட் சொல்லும்வரை நாங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பேசுவதற்கு வேறொரு செயலியும் சொன்னார்கள். அதற்கு நம்பர் வேண்டாம், அனுப்பியது கொஞ்ச நேரத்தில் தானாகவே அழிந்துவிடும். அதன் பெயரைத் தனித் தாளில் எழுதி இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். அதை நீ போட்டுக்கொண்டால் உன் குரலைக் கேட்கலாம். அதுவரை நம் பழைய செயலியில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். அம்மாவிடமும் நேரில் போய்ச் சொல்.

உன் தங்கை


ஜூன் 11

அடியே எறும்பு,

உன் கடிதம் வந்தபோது கடையில் நல்ல கூட்டம். மூன்று பேருக்குப் பிரிண்ட், ஒருவருக்கு ஸ்கேன், நடுவில் தபால்காரர் கவரை நீட்டுகிறார். கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஒரு ஆள் விண்ணப்பத்தை இன்னொரு ஆளிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். நல்ல வேளை, இருவரும் சண்டை போடாமல் மாற்றிக்கொண்டார்கள்.

உயிரோடு இருக்கிறாய், பாப்பா நன்றாக இருக்கிறாள். அது போதும். இனி திட்ட ஆரம்பிக்கிறேன்.

வேறு செயலி போட வேண்டுமாம். என் கடை போர்டில் கடைப் பெயரைவிட என் நம்பர்தான் பெரிதாக எழுதியிருக்கிறது. ஊரே அந்த நம்பருக்குத்தான் ஃபைல் அனுப்புகிறது. கடை கம்ப்யூட்டரில் நம் பழைய செயலி காலையில் ஷட்டர் தூக்கும்போது திறந்தால் மூடும்வரை திறந்தேதான் இருக்கும். வருகிறவர்கள் திரையை எட்டிப் பார்த்து, "அதோ, மேல இருக்கே, அதுதாங்க என்னோடது" என்று கைகாட்டுவார்கள். அவர்களிடம் போய், எல்லாரும் ஒரு புதுச் செயலிக்கு மாறுங்கள், அனுப்பியது தானாக அழிந்துவிடும் என்று சொன்னால் என்னையே அழித்துவிடுவார்கள். எனக்கு இருப்பது ஒரே போன். அதில் கடையும் இருக்கிறது, அம்மாவும் இருக்கிறாள், சொந்தக்காரர்கள் தினமும் அனுப்பும் பூப்படமும் இருக்கிறது. ஒளித்து வைக்க என்னிடம் என்னடி இருக்கிறது?

மாப்பிள்ளை முந்தாநாள் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, "அண்ணி, குழந்தை நல்லா இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதில் நாள் முழுக்க வயிற்றைப் பிசைந்தது. நீயும் கொஞ்சம் யோசி. ஒரு அடி அடித்ததுண்டா அந்த மனிதர்? கோபத்தில் போய்விட்டாய் என்றுதான் அம்மா நினைக்கிறாள்.

அம்மா உன் கடிதத்தைப் பார்க்கவேண்டும் என்று உயிரை வாங்கினாள். கடையைப் போட்டுவிட்டு நகரத்தின் அந்தக் கோடிக்கு நான் எப்போது போவது? கடிதம் வந்த அன்றே படம் எடுத்து அனுப்பிவிட்டேன். அதுதான் அவளுக்கும் வசதி, விரலால் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் படிக்கிறாள். படித்ததும் அழித்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன். அதனால் பயப்படாதே.

பாப்பாவுக்கு ஆவி பிடிக்க வை.

அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். அதன்பிறகு தைத்த காலர் எதுவும் நேராக வரவில்லை. மேற்பார்வை அக்கா பிரிக்கச் சொல்லிவிட்டார்கள்.

எந்தப் பக்கத்தைப் படம் எடுத்தாய்? முதல் பக்கமா? மேலே முகவரி இருந்த பக்கமா? முதலில் இதற்குப் பதில் எழுது.

அடித்ததுண்டா என்று கேட்கிறாய். இல்லை. அதனால்தான் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அடித்திருந்தால் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். நான் மெசேஜைப் பார்த்துவிட்டேன் என்ற குறி அவர் போனில் விழும். அதற்குப்பின் பதில் வரத் தாமதமானால் சாயங்காலம் விசாரணை. பாத்திரம் கழுவினேன் என்றால், "அப்போ ஆன்லைன்ல இருந்தது யாரு?" என்பார். குரலை உயர்த்த மாட்டார், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். உன்னோடு நான் பேசிய ஒவ்வொன்றையும் எனக்கே திரும்பச் சொல்வார். நான்தான் உளறிவிட்டேன் போலிருக்கிறது என்று பல நாள் என்னையே சந்தேகப்பட்டிருக்கிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்த அன்று அவர் மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன், போன் அடுத்த அறையில். வேலையிலிருந்து நேரே வந்தார், போனை எடுத்துக்கொண்டார், கதவை வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார். மருந்துக் கடைக்குப் போக வழியில்லை. குழந்தை கொதிக்கிறது, நான் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பி வந்தவர் மருந்து வாங்கி வந்திருந்தார். "பாத்தியா, பதில் வராட்டி எப்படி இருக்கும்னு?" என்றார். நான் போவதாக ஒருமுறை சொன்னபோது, "நீ போ. குழந்தை எங்கிட்டதான் இருக்கும்" என்றார். அதை எப்படி நடத்துவது என்று அவருக்கு ஒரு திட்டம் இருக்கும் என்று எனக்கு நிச்சயம். திட்டமில்லாமல் அவர் பால்கூட வாங்கமாட்டார்.

கூடத்தில் ஷிஃப்ட் விவரமெல்லாம் குரூப்பில்தான் போடுகிறார்கள். அதனால் நானும் அந்தப் பழைய செயலியையே போட வேண்டியதாயிற்று. முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் இப்போது என் நம்பர் இருக்கிறது. உன்னை மட்டும் குறை சொல்லவில்லை அக்கா, யாராலும் தப்ப முடியவில்லை.

ஒன்று செய். உன் போனில் அந்தச் செயலியின் அமைப்புகளுக்குள் போ. இணைக்கப்பட்ட கருவிகள் என்று ஒரு இடம் இருக்கும். அதில் இருக்கும் எந்தக் கருவியிலும் உன் மெசேஜெல்லாம் அப்படியே தெரியும். அங்கே என்னென்ன இருக்கிறது என்று பார். கடை கம்ப்யூட்டரில் அதைப் போட்டுக் கொடுத்தது யார்?

தங்கை


ஜூன் 23, விரைவுத் தபால்

எறும்பு,

இதைப் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கடையில் எழுதப் பயமாக இருக்கிறது. காகிதத்தை யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தும் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இவளுக்குப் பயம் முற்றிவிட்டது, எதைப் பார்த்தாலும் பூதம் என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போனை எடுத்தேன். நீ சொன்ன இடத்துக்குப் போனேன். கடை கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. ஒரு டேப்லெட். என்னிடம் டேப்லெட் கிடையாது. இணைத்த தேதியைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று மாப்பிள்ளை வந்து அரை நாள் உட்கார்ந்திருந்தாரே, அதே நாள். "அண்ணி, ஒரு நிமிஷம் உங்க போனைக் குடுங்க" என்றார், நானும் பூட்டைத் திறந்தே கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவருக்குக் காபி போடப் போனேன். கடைசியாகப் பயன்படுத்தியது இன்று காலை என்று இருந்தது.

அன்று ஸ்டூலில் உட்கார்ந்து கண் கலங்கினானே, எறும்பு, அப்போதே நான் அம்மாவுக்கு அனுப்பிய படம் அவனிடம் இருந்திருக்கிறது. எல்லாம் தெரிந்துகொண்டு, நான் பொய் சொல்வதை வேடிக்கை பார்த்திருக்கிறான். நீ சொன்னபோது நான் நம்பவில்லை. அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: முதல் பக்கம்தான். அந்தப் படத்தை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ. காகிதத்தைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் முகவரியின் முதல் வரியில் இருக்கிறது. கூடத்தின் பெயர் அந்த விரலுக்கு அடியில் மறைந்துவிட்டது. ஊரும் தெருவும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தத் தெருவில் தையல் கூடங்கள் எத்தனை இருக்கும்? நிறைய என்று சொல். காலர், சீருடை என்பதெல்லாமும் படத்தில் இருக்கிறது. நேற்று அம்மாவிடம் போய், அவள் எந்தப் பெயரில் வேலை செய்கிறாள், பாப்பாவைப் பகலில் எங்கே விடுகிறாள் என்று மெல்லக் கேட்டிருக்கிறான். அம்மாவுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாள், அவளுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம்.

அந்த டேப்லெட்டை வெளியேற்றவா என்று கேட்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் போதும். விரலைக் கொண்டுபோய்விட்டு எடுத்துவிட்டேன். அழுத்தினால் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்த உடனே அவன் உன் ஊருக்குக் கிளம்பிவிடுவான். அதனால் அது அப்படியே இருக்கிறது. நான் யாருக்கு என்ன எழுதினாலும் அவன் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன். வாடிக்கையாளருக்குச் சரி என்று போடுவதற்குக்கூட இரண்டு தடவை யோசிக்கிறேன்.

நான் என்ன செய்ய வேண்டும், சொல். கண்ணாடிக் கடை முகவரிக்கே எழுது.

அக்கா


ஜூன் 26, விரைவுத் தபால்

அக்கா,

நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். நீ அழுத்தாமல் விட்டது நல்லது.

நேற்று இதே தெருவில் இருக்கும் இன்னொரு கூடத்துக்கு யாரோ போன் செய்து, சின்னப் பெண் குழந்தையோடு புதிதாக வேலைக்கு வந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார்களாம். எங்கள் வாட்ச்மேன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "பொண்ணு பாக்குறாங்க போல" என்றார். நாளைக்கு அடுத்த கூடம், அதற்கடுத்த நாள் எங்கள் கூடம்.

மையத்து அம்மா வேறு ஊரில் இடம் பார்த்துவிட்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி கிடைக்கும். அதுவரை பாப்பாவை அறையிலேயே வைத்திருக்கிறோம், வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிறு காலையில் நாங்கள் பஸ் நிலையத்தில் நிற்கும்போது அவர் இந்த ஊரில் இருக்கக்கூடாது. எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

அவர் உன் மெசேஜைத்தான் நம்புவார். நான் சொன்னால் நம்பமாட்டார், நீ நேரில் சொன்னாலும் நம்பமாட்டார். ஒளிந்திருந்து படித்ததை மட்டும்தான் நம்புவார். உனக்குப் பொய் சொல்ல வராது என்று தெரியும். ஆனால் இது எழுதுவதுதானே. அம்மாவுக்கு எழுதுவதுபோல எழுது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. சொன்னால் அவள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

அம்மாவை இதில் இழுப்பது தப்புதான். வேறு வழி தெரியவில்லை.

தங்கை


ஜூலை 1, உதவி மையத்தின் மூலமாக

எறும்பு,

நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று மையத்து அம்மா கண்ணாடிக் கடைக்குப் போன் செய்து சொன்னார்கள். ஊர் பெயரைச் சொல்ல வாயெடுத்தார்கள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டாம். என்னிடம் இருந்தால் எந்த ஓட்டை வழியாகப் போகுமோ யாருக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். மனசு மாறிவிட்டாள், பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலை ரயிலில் வருகிறாள், மாப்பிள்ளையிடம் இப்போது சொல்லாதே, அவளே வந்து பேசுவாள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு பொய் சொன்னதற்கு வயிற்றைப் பிசைந்தது என்று உனக்கு எழுதினேனே, இந்தப் பொய்க்கு எதுவும் ஆகவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா திரும்ப ஒரு குரல் மெசேஜ் அனுப்பினாள். பேச்சே இல்லை, அழுகை மட்டும்தான். அதை அவனும் கேட்டிருப்பான்.

ஞாயிறு விடியும்போதே நம் அம்மா வீட்டு வாசலில் அவன் காரோடு நின்றிருக்கிறான். சும்மா இந்தப் பக்கம் வந்தேன், எங்கேயாவது போகணுமா அத்தை என்றானாம். மாப்பிள்ளையிடம் சொல்லாதே என்று நான் எழுதியது அம்மாவுக்கு எங்கே நினைவிருக்கும்? சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இருவருமாக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார்கள். அம்மா பாப்பாவுக்குப் பிஸ்கட்டும் ஒரு பொம்மையும் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு வண்டி வந்தது, போனது. இன்னொன்று வந்தது. "அடுத்ததுல வருவா, கூட்டமா இருந்திருக்கும்" என்று அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். மத்தியானம்வரை எழுந்திருக்கவே இல்லையாம். அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் பாதி தூரம் போயிருப்பீர்கள்.

சாயங்காலம் கடைக்கு வந்தான். அம்மாவைக் காரில் உட்காரவைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தான். என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணி, கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்கு போல. பாத்துத் தரட்டுமா?"

"வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

அவன் கண் முன்னாலேயே போனை எடுத்தேன், அந்த டேப்லெட்டை அழுத்தி வெளியேற்றினேன். அவன் சிரித்தான். "உங்களுக்கும் கத்துக் குடுத்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளாகக் கடைக்கு எதிரே கார் நிற்கிறது. அவனுடையதா என்று பார்க்க வெளியே போக எனக்குத் தைரியம் வரவில்லை. மையத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டேப்லெட் தேதியோடு முன்பே எடுத்து வைத்த படத்தையும் கொடுத்திருக்கிறேன். வழக்குக்கு உதவும் என்றார்கள்.

கடையில் இப்போது செயலி கிடையாது. பென்டிரைவில் கொண்டு வாருங்கள் என்று எழுதி ஒட்டிவிட்டேன். பாதிப் பேர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். நீ எழுதிக் கொடுத்த புதுச் செயலியையும் போட்டிருக்கிறேன். திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை, துடைத்து வைத்தது போல இருக்கிறது.

இனி சொல்லவேண்டியது அம்மாவைப் பற்றி. சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. உன்மேல் அவளுக்கு அவ்வளவு கோபம். "வரேன்னு சொல்லிட்டு வயசான என்னை அங்க உக்கார வெச்சுட்டாளே. இனிமே அவ மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்கிறாள். பொய் சொன்னது நான், பழி உனக்கு. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வருகிறது. ஆனால் அவன் இன்னமும் தினமும் அங்கே போகிறான், அவள் போனைப் பார்த்துக் கொடுக்கிறான், அவளும் அவனிடம் மனம்விட்டுப் பேசுகிறாள். என்னால் எப்படிச் சொல்ல முடியும்?

அக்கா


ஜூலை 20

அக்கா,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். மையத்து அம்மா இதை வேறு ஊர் போய்த் தபாலில் போடுவதாகச் சொன்னார்கள், அதனால் கவரில் இருக்கும் முத்திரையைப் பார்த்து எதையும் யோசிக்காதே.

நாங்கள் இருக்கிறோம். அதற்குமேல் சொல்வதற்கில்லை. இங்கும் வேலைக்குப் போன முதல் நாளே குரூப்பில் சேர்த்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை போன் அதிரும்போதும் உடம்பு தூக்கிப்போடுகிறது. புதுச் செயலியில் உன்னை இப்போது சேர்க்கமாட்டேன். நீ இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

அம்மாவின் கோபம் இருக்கட்டும். கோபமாக இருப்பவளிடம் அவர் என்ன கேட்டாலும், "அவ பேச்சையே எடுக்காதீங்க" என்றுதான் சொல்வாள். எங்களுக்கு அது நல்லதுதான். நல்லது என்று எழுதுகிறேனே தவிர, அந்த பெஞ்சை நினைக்காத நாளில்லை.

பாப்பா இப்போது எழுதப் பழகிவிட்டாள். அம்மம்மாவுக்கு எழுதவேண்டும் என்று அடம் பிடித்து எழுதினாள். நான் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. புது வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் படமாக வரைந்திருந்தாள். அதை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டேன், ஏன் வெட்டினாய் என்று அரை நாள் என்னோடு பேசவில்லை. மீதி இந்தக் கவரில் இருக்கிறது.

கடையை ஒருநாள் மூடு. போனை வீட்டில் வைத்துவிட்டு நேரில் போ. அவர் இல்லாத நேரமாகப் பார். அம்மா கையில் கொடு, படிக்கட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கட்டும். பிறகு திரும்ப வாங்கு. தரமாட்டாள், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன் என்பாள், உன் காலைக்கூடப் பிடிப்பாள். விட்டுவிட்டு வராதே அக்கா. பிடுங்கிக்கொண்டு வா.

தங்கை